சொந்தமாகக் கம்பைல் செய்த கர்னலில் நெட்வொர்க் வரவில்லையா? படிப்படியாக மீட்கும் வழி

லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 12-உடன் வந்த 6.1 கர்னலுக்குப் (இயங்குதளத்தின் மையநிரல்) பதிலாக 6.12-ஐ மூலநிரலிலிருந்து நானே கம்பைல் செய்து (ஓடும் நிரலாகக் கட்டி) என் மடிக்கணினியில் போட்டேன். கணினி ஒழுங்காகத்தான் துவங்கியது. ஆனால் கேபிள் இணைப்பு இல்லை, வைஃபை இல்லை. மொபைலை யூஎஸ்பியில் செருகிப் பார்த்தேன், அதுவும் இல்லை. காரணத்தைத் தேடிப் படிக்க இணையம் வேண்டும், அந்தக் கணினியில் இல்லாததே அதுதான். இரண்டு இரவுகளில் மூன்று முறை முழுதாகக் கம்பைல் செய்தேன். மூன்று முறையும் அதே கதை.

பிறகு உட்கார்ந்து பதிவுகளை வரிவரியாகப் படித்தபோது தெரிந்தது: மூன்று இணைப்புகளும் போனதற்கு மூன்று தனித்தனிக் காரணங்கள். மூன்றையும் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்திருக்கலாம். அந்த ஒரு மணி நேர வேலையைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். இதில் திரும்பத் திரும்ப வரப்போகும் பேச்சு ஒன்றுதான்: காரணம் கைக்குக் கிடைக்காமல் மறுபடி கம்பைல் செய்யாதீர்கள்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் எல்லாவற்றையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். கட்டமைப்பு விருப்பங்களின் (கர்னலில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற தேர்வுகள்) பெயர்கள் மட்டும் பேரெழுத்தில் இருக்கும்.

1. பழைய கர்னலை அழிக்காதீர்கள்

புதிய கர்னல் குறைந்தது இரண்டு வாரம் சிக்கலில்லாமல் ஓடும் வரை விநியோகத்தோடு (டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்பு) வந்த கர்னல் அப்படியே இருக்கட்டும். கணினி துவங்கும்போது க்ரப் (எந்தக் கர்னலில் துவங்குவது என்று கேட்கும் நிரல்) பட்டியலில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" என்ற வரிக்குள் போனால் பழைய கர்னலைத் தேர்ந்தெடுக்கலாம். பட்டியலே வராமல் நேராகத் துவங்குகிறதென்றால், துவங்கும் நேரத்தில் எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பாருங்கள். இதைக் கம்பைல் செய்வதற்கு முன்பே ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள். இப்போது நெட்வொர்க் போய் மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் முதல் வேலை இதுதான். பழைய கர்னலில் ஏறி, இணையம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் நெட்வொர்க் கார்டில் பழுதில்லை என்பது உறுதியாகிவிடும், பாதிக் கவலை அங்கேயே தீரும்.

இடம் பற்றி ஒரு எச்சரிக்கை. பூட் பகுதியைத் தனிப் பார்ட்டிஷனாக வைத்திருப்பவர்களுக்கு அது எளிதில் நிறைந்துவிடும். இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு (துவக்கத்தில் கர்னலோடு ஏறும் தற்காலிகக் கோப்பமைப்பு) பாதியில் எழுதப்பட்டு நின்றால் கணினியே துவங்காமல் போகலாம். "டிஎஃப் -எச்" கொடுத்து, சில நூறு எம்பி காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

2. பழைய கர்னலில் இருக்கும்போதே எடுத்து வைக்க வேண்டியவை

அரசு அலுவலகத்துக்குப் போகும்போது சான்றிதழ்களின் நகலைக் கையோடு கொண்டு போவது மாதிரி, இவற்றைக் கோப்பாகச் சேமித்துவிட்டு மொபைலில் படமும் பிடித்து வையுங்கள்.

"எல்எஸ்பிசிஐ -என்என்கே" தரும் விடைதான் முக்கியமான சான்று. ஒவ்வொரு கார்டுக்கும் நான்கு இலக்கம், ஒரு முக்காற்புள்ளி, மறுபடி நான்கு இலக்கம் என்று ஓர் அடையாள எண் வரும். முன்பாதி தயாரிப்பாளரைக் குறிக்கும்: 8086 என்றால் இன்டெல், 10ஈசி என்றால் ரியல்டெக், 14ஈ4 என்றால் பிராட்காம். பின்பாதி சில்லின் மாடல். அதற்குக் கீழே "கர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ற வரியில் இப்போது ஓடும் டிரைவரின் பெயர் இருக்கும். யூஎஸ்பி அடாப்டர் வைத்திருப்பவர்கள் "எல்எஸ்யூஎஸ்பி" விடையையும் எடுத்து வையுங்கள்.

"எல்எஸ்மாட்" தரும் மாட்யூல் (தேவைப்படும்போது கர்னலில் ஏறும் துண்டு நிரல்) பட்டியல், "ஐபி லிங்க்" தரும் இடைமுகப் பெயர்கள், "யூநேம் -ஆர்" தரும் பதிப்புப் பெயர், பூட் அடைவில் உள்ள பழைய கட்டமைப்புக் கோப்பு ஆகியவையும் வேண்டும். கடைசியாக, "சூடோ டிமெசேஜ்" (ஆங்கிலத்தில் dmesg என்று அடிக்க வேண்டும்) பதிவில் ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏற்றப்படும் சிறு நிரல்) என்ற சொல் வரும் வரிகள். எந்த ஃபர்ம்வேர் கோப்பு ஏறியது என்று அதில் பெயரோடு இருக்கும். இந்த வரிகளை நான் எடுத்து வைக்கவில்லை. என் முதல் இரவு போனது அதனால்தான்.

3. நேரம், இடம், செலவு

நான்கு கோர் கொண்ட என் பழைய மடிக்கணினியில், விநியோகத்தின் முழுக் கட்டமைப்போடு கம்பைல் செய்ய இரண்டரை மணி நேரம் ஆனது. தேவையான மாட்யூல்களை மட்டும் வைத்தபோது அரை மணி நேரத்துக்குள் முடிந்தது. வட்டில் பிடிக்கும் இடம், பிழை தேட உதவும் டீபக் தகவலைப் பொறுத்தது. அதை அணைக்காவிட்டால் முழுக் கட்டமைப்பு 20 ஜிபியைத் தாண்டிவிடும். கட்டமைப்பை மாற்றும் பட்டியலான மெனுகான்ஃபிக்கில் ("மேக் மெனுகான்ஃபிக்") "கர்னல் ஹேக்கிங்" பகுதிக்குள் அதை அணைத்துவிடுங்கள். இனிட்ராம்எஃப்எஸ் வீங்காமலிருக்க, மாட்யூல்களை நிறுவும்போது "இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப்=1" என்று சேர்த்துக் கொடுங்கள். அதன் பெயர் பேரெழுத்தில்.

பணச் செலவு கிட்டத்தட்ட இல்லை. மாற்று வழி ஒன்று கையில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் ஒன்று வாங்கி வைக்கலாம், நான் வாங்கியது 650 ரூபாய். ஏசிக்ஸ் ஏஎக்ஸ்88179 அல்லது ரியல்டெக் ஆர்டிஎல்8153 சில் உள்ளதாகப் பாருங்கள், இரண்டுக்கும் டிரைவர் கர்னலின் மூலநிரலிலேயே இருக்கிறது. விலை குறைந்த சில யூஎஸ்பி வைஃபை அடாப்டர்கள் செருகியதும் முதலில் சிடி டிரைவ் போலக் காட்சி தரும். "யூஎஸ்பி_மோட்ஸ்விட்ச்" என்ற நிரல்தான் அவற்றை வைஃபையாக மாற்றிவிடும். அந்தத் தொகுப்பை முன்பே நிறுவி வையுங்கள்.

கம்பைல் செய்யத் தேவையான பைசன், ஃப்ளெக்ஸ், ஓப்பன்எஸ்எஸ்எல், லிப்எல்ஃப், என்கர்சஸ் ஆகியவற்றின் டெவலப்பர் தொகுப்புகளையும் இணையம் இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். நெட்வொர்க் போன பிறகு "ஆப்ட்" உதவிக்கு வராது.

4. கட்டமைப்பில் மறைந்திருக்கும் குழிகள்

நெட்வொர்க் சிக்கல்களில் பெரும்பாலானவை கம்பைல் தொடங்கும் முன்பே, இந்தக் கட்டத்தில் பிறக்கின்றன. அதனால் இங்கே நிதானமாகப் படியுங்கள்.

"மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்" என்ற கட்டளை, அந்த நொடியில் எந்த மாட்யூல்கள் ஏறியிருக்கின்றனவோ அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிடும். கம்பைல் நேரம் குறைவதற்கு இதுதான் காரணம். நெட்வொர்க் போவதற்கும் இதுவே காரணம். அந்த நேரத்தில் செருகியிராத யூஎஸ்பி அடாப்டரின் டிரைவர் போய்விடும். மொபைல் டெதரிங்குக்கு வேண்டிய மாட்யூல்கள் போய்விடும். விபிஎன் ஓடவில்லையென்றால் டன் மாட்யூலும் வயர்கார்டும் போய்விடும். ஃபயர்வால், டாக்கர் எல்லாம் இதே கணக்குதான்.

ஆகவே அந்தக் கட்டளையைக் கொடுக்கும் முன் உங்களிடம் உள்ள எல்லாச் சாதனங்களையும் செருகுங்கள். மொபைலைச் செருகி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் "ஆர்என்டிஐஎஸ்_ஹோஸ்ட்" அல்லது "சிடிசி_என்சிஎம்", ஐஃபோன் என்றால் "ஐபிஹெத்" என்ற மாட்யூல் பட்டியலில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். விபிஎன்னை இணையுங்கள். அப்புறம் கட்டளையைக் கொடுங்கள். என் மொபைல் வேலை செய்யாமல் போனது இதைச் செய்யாததால்தான்.

அடுத்த குழி, அந்தக் கட்டளை திரையில் தரும் எச்சரிக்கைகள். "இந்த மாட்யூலுக்குக் கட்டமைப்பு விருப்பம் எதுவும் இல்லை" என்ற பொருளில் ஒரு வரி வந்தால் நிறுத்திப் படியுங்கள். அந்த மாட்யூல் கர்னலின் மூலநிரலில் இல்லாத வெளி டிரைவர் என்று அர்த்தம். என் கணினியில் கேபிள் கார்டை ஓட்டிக்கொண்டிருந்தது ஆர்8168 என்ற வெளி டிரைவர். எப்போதோ ஒரு நாள் நானே நிறுவி மறந்து போனது. கர்னலில் உள்ள ஆர்8169 அந்த நேரத்தில் ஏறியிருக்கவில்லை. எனவே லோக்கல்மாட்கான்ஃபிக் அதைத் தேவையற்றது என்று அணைத்துவிட்டது. வெளி டிரைவரோ புதிய கர்னலுக்குக் கட்டப்படவே இல்லை. எச்சரிக்கை வரி என் கண் முன்னால்தான் ஓடிப் போயிருக்கிறது.

மூன்றாவது குழி ஒய்-யா எம்-மா என்ற தேர்வு. ஒய் என்றால் டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்கும், எம் என்றால் தனி மாட்யூலாக. "உள்ளேயே இருந்தால் பத்திரம்" என்று நினைத்து நான் "லோக்கல்யெஸ்கான்ஃபிக்" கொடுத்து எல்லாவற்றையும் ஒய் ஆக்கினேன். வைஃபை டிரைவரை அப்படிச் செய்யக் கூடாது. டிரைவர் உள்ளேயே இருந்தால் அது கணினி துவங்கிய சில நொடிகளில், வட்டின் ரூட் பகுதி (இயங்குதளக் கோப்புகள் உள்ள இடம்) மவுண்ட் ஆகும் (பயன்பாட்டுக்கு இணைக்கப்படும்) முன்பே விழித்துக்கொண்டு ஃபர்ம்வேரைத் தேடும். ஃபர்ம்வேர் இருப்பதோ இன்னும் மவுண்ட் ஆகாத அந்தப் பகுதியில். கிடைக்காது, கைவிட்டுவிடும். நெட்வொர்க் டிரைவர் எதுவானாலும் எம் ஆக வைப்பதே நல்லது. நெட்வொர்க் வழியாகவே ரூட் பகுதியை மவுண்ட் செய்யும் கணினிகள் மட்டும் விதிவிலக்கு.

மெனுகான்ஃபிக்கில் உங்கள் டிரைவர் கண்ணில் படவே இல்லையென்றால் சாய்வுக்கோடு விசையை அழுத்தி அதன் பெயரைத் தேடுங்கள். அது எந்த விருப்பங்களை நம்பி இருக்கிறது, அவற்றில் எது அணைந்திருக்கிறது என்பதெல்லாம் வரும். ஈதர்நெட் டிரைவர்கள் தயாரிப்பாளர் வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. "ரியல்டெக் டிவைசஸ்" என்ற தலைப்பே அணைந்திருந்தால் உள்ளே இருக்கும் ஆர்8169 திரையில் வராது. வைஃபைக்கு மூன்று அடுக்கு வேண்டும்: முதலில் சிஎஃப்ஜி80211, அதன் மேல் மேக்80211, அதன் மேல் உங்கள் கார்டின் டிரைவர். இன்டெல் கார்டுக்கு இன்னொன்றும் வேண்டும். ஐடபிள்யூஎல்வைஃபை மட்டும் போதாது, ஐடபிள்யூஎல்எம்விஎம் என்பதையும் சேர்க்க வேண்டும். 7260 வரிசைக்கு முந்தைய பழைய கார்டுகளுக்கு அதற்குப் பதில் ஐடபிள்யூஎல்டிவிஎம்.

5. நிறுவும்போது விட்டுப்போகும் படிகள்

கையால் நிறுவுகிறவர்கள் "மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்" கொடுத்த பிறகுதான் "மேக் இன்ஸ்டால்" கொடுக்க வேண்டும். முதலாவதை மறந்தால் கர்னல் துவங்கும், மாட்யூல் ஒன்றுகூட இருக்காது. வரிசை மாறினால் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் மாட்யூல்கள் சேராமல் போகலாம்.

டெபியன், உபுண்டு பயன்படுத்துகிறவர்களுக்கு நான் சொல்வது "மேக் பின்டெப்-பிகேஜி" என்ற வழி. கர்னலும் ஹெடர்களும் (வெளி டிரைவர்களைக் கட்டத் தேவையான கோப்புகள்) தனித்தனி டெப் தொகுப்புகளாகக் கிடைக்கும். "டிபிகேஜி -ஐ" கொடுத்து இரண்டையும் நிறுவினால் மாட்யூல், இனிட்ராம்எஃப்எஸ், க்ரப் எல்லாம் தானாக நடக்கும். பிடிக்கவில்லையென்றால் நீக்குவதும் எளிது. ஹெடர் தொகுப்பை விட்டுவிடாதீர்கள், 9-ஆம் படியில் அது தேவைப்படும்.

கர்னலின் பெயருக்குப் பின்னால் உங்கள் அடையாளம் ஒன்றைச் சேர்ப்பதும் நல்லது. "லோக்கல்வெர்ஷன்" என்ற விருப்பத்தில் "-வீடு1" என்பது மாதிரி ஏதாவது ஆங்கில எழுத்தில் கொடுங்கள். ஒவ்வொரு முறை கட்டமைப்பை மாற்றும்போதும் எண்ணை ஒன்று கூட்டுங்கள். பழைய மாட்யூல்களும் புதிய மாட்யூல்களும் ஒரே அடைவில் கலக்காமல் இருக்கும்.

6. முதல் கேள்வி: எந்தக் கர்னலில் இருக்கிறோம்?

இனி நெட்வொர்க் வராத நிலையில் செய்ய வேண்டியவை. "யூநேம் -ஆர்" கொடுங்கள். வரும் பெயரும், லிப் அடைவுக்குள் மாட்யூல்ஸ் என்ற அடைவில் உள்ள துணை அடைவின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கிட் (நிரலின் பதிப்புகளைக் கையாளும் கருவி) மூலம் இறக்கிய மூலநிரலில் ஏதாவது மாற்றியிருந்தால் பெயரின் கடைசியில் ஒரு கூட்டல் குறி ஒட்டிக்கொள்ளும். அந்த ஒரு குறி வேறுபட்டாலும் கர்னல் தன் மாட்யூல்களைக் கண்டுபிடிக்காது.

அந்தப் பெயரில் அடைவு இல்லையென்றால் 5-ஆம் படிக்குத் திரும்புங்கள். கம்பைல் தேவையில்லை, நிறுவினால் போதும்.

7. கார்டு தெரிகிறதா, டிரைவர் பிடித்திருக்கிறதா?

மறுபடி "எல்எஸ்பிசிஐ -என்என்கே". 2-ஆம் படியில் எடுத்து வைத்ததோடு ஒப்பிடுங்கள். மூன்றில் ஒரு நிலை இருக்கும்.

கார்டே பட்டியலில் இல்லை: பிசிஐ அல்லது ஏசிபிஐ சார்ந்த விருப்பம் எதையோ அணைத்திருக்கிறீர்கள். இது அரிது.

கார்டு இருக்கிறது, ஆனால் "டிரைவர் இன் யூஸ்" என்ற வரி இல்லை: பெரும்பாலோருக்கு இதுதான் வரும். அந்த டிரைவரின் பெயரைச் சொல்லி "சூடோ மாட்ப்ரோப் ஆர்8169" என்று கொடுங்கள். ஏதாவது பிழை வந்தால் அதுதான் உங்களுக்கு வேண்டிய துப்பு, 8-ஆம் படிக்குப் போங்கள். பிழையில்லாமல் ஏறி நெட்வொர்க்கும் வந்துவிட்டால், தானாக ஏறாமல் ஏதோ தடுக்கிறது. ஈடிசி அடைவுக்குள் மாட்ப்ரோப்.டி என்ற அடைவில் "பிளாக்லிஸ்ட்" என்று தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். வெளி டிரைவர்களை நிறுவும்போது, கர்னலில் உள்ள டிரைவரைத் தடுக்கும் வரியையும் அவை இங்கே எழுதிவிடுவது வழக்கம். வெளி டிரைவர் போன பிறகும் அந்த வரி மட்டும் அங்கேயே கிடக்கும். என் கணினியிலும் கிடந்தது. நீக்கிவிட்டு இனிட்ராம்எஃப்எஸ்ஸை "அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ" கொடுத்துப் புதுப்பியுங்கள்.

டிரைவர் பிடித்திருக்கிறது, நெட்வொர்க் மட்டும் இல்லை: 10-ஆம் படிக்குத் தாவுங்கள்.

8. மாட்யூல் ஏற மறுத்தால்

"மாட்யூல் நாட் ஃபவுண்ட்" என்று வந்தால் அந்த மாட்யூல் கட்டப்படவே இல்லை. பூட் அடைவில் புதிய கர்னலின் கட்டமைப்புக் கோப்பு இருக்கும், அதில் "கிரெப்" கொண்டு அந்த விருப்பத்தைத் தேடுங்கள். "நாட் செட்" என்றிருந்தால் எம் ஆக்கிக் கட்ட வேண்டியதுதான். எம் என்றே இருந்தால் "சூடோ டெப்மாட் -ஏ" கொடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

"எக்ஸெக் ஃபார்மட் எரர்" அல்லது "இன்வேலிட் மாட்யூல் ஃபார்மட்" என்று வந்தால், மாட்யூல் வேறொரு கட்டமைப்பில் கட்டப்பட்டது. "டிமெசேஜ்" பதிவின் கடைசி வரிகளில் "வெர்ஷன் மேஜிக்" என்று சொல்லி இரண்டு பெயர்களையும் காட்டும். மாட்யூல்களைப் புதிதாக நிறுவிவிட்டு, ரீபூட் செய்யாமல் பழைய கர்னல் இமேஜிலேயே ஓடிக்கொண்டிருந்தாலும் இது வரும். அதனால் முதலில் ரீபூட் செய்து பாருங்கள்.

"கீ வாஸ் ரிஜெக்டட்" என்று வந்தால், நம்பகமான கையொப்பம் இல்லாத நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட் விவகாரம். "மோக்யூடில் --எஸ்பி-ஸ்டேட்" அது ஆனில் இருக்கிறதா என்று சொல்லும். வீட்டுக் கணினி, பழகத்தான் கம்பைல் செய்கிறீர்கள் என்றால் பயாஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து வைப்பதே நேரத்தை மிச்சப்படுத்தும். விண்டோஸும் அதன் வட்டைப் பூட்டும் பிட்லாக்கரும் அதே கணினியில் இருந்தால் மட்டும் ஜாக்கிரதை. செக்யூர் பூட்டை மாற்றினால் அது ரெகவரி கீ கேட்கும். அந்த 48 இலக்க எண்ணை எடுத்து வைக்காமல் பயாஸைத் தொடாதீர்கள். இன்னொன்று: கட்டிய மாட்யூல் கோப்பைக் கையால் "ஸ்ட்ரிப்" செய்தால் அதில் இட்ட கையொப்பமும் சேர்ந்து போய்விடும். 3-ஆம் படியில் சொன்ன வழி கையொப்பத்துக்கு முன்பே ஸ்ட்ரிப் செய்வதால் அதில் இந்த ஆபத்து இல்லை.

டிரைவர் ஏறிய மாதிரி தெரிந்தும் வைஃபை இடைமுகம் வரவில்லையென்றால் ஃபர்ம்வேரைச் சந்தேகியுங்கள். "சூடோ டிமெசேஜ்" விடையை ஃபர்ம்வேர் என்ற சொல்லால் வடிகட்டுங்கள். பிழை எண் -2 என்றால் கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். கோப்பு கிடைக்காமல் போக மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, கோப்பு நிஜமாகவே இல்லை. டெபியனில் "ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை", "ஃபர்ம்வேர்-ரியல்டெக்" போன்ற தொகுப்புகள் "நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்" பிரிவில் இருக்கின்றன. பழைய கர்னலில் ஏறி நிறுவிக்கொள்ளுங்கள்.

இரண்டு, கோப்பு இருக்கிறது, ஆனால் சுருக்கப்பட்டிருக்கிறது. ஃபெடோரா எக்ஸ்இசட் வடிவிலும் ஆர்ச் இசட்ஸ்டாண்டர்டு வடிவிலும் ஃபர்ம்வேரைச் சுருக்கித் தருகின்றன. "எஃப்டபிள்யூ_லோடர்_கம்ப்ரெஸ்" என்ற விருப்பமும் அதன் கீழ் அந்தந்த வடிவத்துக்கான விருப்பமும் உங்கள் கர்னலில் இல்லையென்றால், கண்ணெதிரே கோப்பு இருந்தும் கர்னல் இல்லை என்றே சொல்லும். கோப்புப் பெயரின் வாலைப் பாருங்கள்.

மூன்று, நான் மாட்டிக்கொண்ட வழி: டிரைவர் ஒய் ஆக இருந்து முந்திக்கொள்வது. இதைக் கம்பைல் செய்யாமலே சோதிக்கலாம். கணினி முழுதாகத் துவங்கிய பிறகு அந்த டிரைவருக்குக் கார்டை மறுபடி காட்டினால் போதும். வைஃபை கார்டின் முகவரி 02:00.0 என்றால், ரூட் (நிர்வாகி) ஆக மாறிக்கொண்டு, "எக்கோ 0000:02:00.0" என்பதை சிஸ் அடைவில் பஸ், பிசிஐ, டிரைவர்ஸ், ஐடபிள்யூஎல்வைஃபை என்று வரிசையாக உள்ளே போய் "பைண்ட்" என்ற கோப்புக்குள் எழுதுங்கள். இப்போது ரூட் பகுதி மவுண்ட் ஆகியிருப்பதால் ஃபர்ம்வேர் கிடைக்கும், வைஃபை உயிர் பெறும். எனக்கு அந்த நிமிடம் வைஃபை பட்டியல் திரையில் வந்தது இன்னும் நினைவிருக்கிறது. அதன் பிறகு எம் ஆக மாற்றி ஒரே ஒரு முறை கட்டினேன், தீர்ந்தது.

தேவையில்லாமல் பயமுறுத்தும் வரிகளும் உண்டு. இன்டெல் டிரைவர் தனக்குத் தெரிந்த மிகப் புதிய ஃபர்ம்வேர் பதிப்பிலிருந்து இறங்கு வரிசையில் ஒவ்வொன்றாகத் தேடும். அதனால் வரிசையாக நாலைந்து -2 பிழைகள் வந்துவிட்டுக் கடைசியில் ஒன்று ஏறும். ஏறியிருந்தால் முந்தைய வரிகளைப் பொருட்படுத்த வேண்டாம். "நோ சூட்டபிள் ஃபர்ம்வேர்" என்று முடிந்தால்தான் சிக்கல். ரியல்டெக் கேபிள் கார்டுகளும் ஃபர்ம்வேர் இல்லை என்று முணுமுணுக்கும், பெரும்பாலும் அதில்லாமலும் ஓடும்.

9. வெளி டிரைவரை நம்பியிருந்தால்

ஒவ்வொரு கர்னலுக்கும் வெளி டிரைவரைக் கட்டித் தரும் கருவி டிகேஎம்எஸ். "டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்" கொடுங்கள். உங்கள் டிரைவருக்கு எதிரே புதிய கர்னலின் பெயர் இல்லையென்றால் அது கட்டப்படவில்லை. ஹெடர் தொகுப்பை நிறுவிவிட்டு "சூடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்" கொடுங்கள். ஹெடர் இருந்தும் கட்டும்போது பிழை வந்தால், அந்த வெளி டிரைவர் உங்கள் கர்னலைவிடப் பழையது. கர்னலின் உள் இடைமுகங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். வெளியே இருக்கும் டிரைவரை யாராவது விடாமல் திருத்திக்கொண்டிருந்தால்தான் அது தாக்குப்பிடிக்கும்.

அதனோடு மல்லுக்கட்டும் முன், கர்னலிலேயே இப்போது டிரைவர் வந்துவிட்டதா என்று பாருங்கள். ரியல்டெக்கின் பல வைஃபை சில்களுக்கு முன்பு வெளி டிரைவர்தான் கதி. 5.2 பதிப்பில் ஆர்டிடபிள்யூ88-உம் 5.16-இல் ஆர்டிடபிள்யூ89-உம் கர்னலுக்குள்ளேயே வந்துவிட்டன. உள்ளே இருப்பது ஓடினால் வெளியே இருப்பதை முழுதாக நீக்கிவிடுங்கள், பிளாக்லிஸ்ட் வரியையும் சேர்த்து. நானும் ஆர்8168-ஐ நீக்கிவிட்டு ஆர்8169-க்கே திரும்பினேன். வேகத்தில் எந்தக் குறையும் இல்லை.

10. டிரைவர் சரியாக இருந்தும் இணைப்பு இல்லை

"ஐபி லிங்க்" கொடுத்து இடைமுகத்தின் பெயரைப் பழைய பெயரோடு ஒப்பிடுங்கள். பிசிஐ ஹாட்பிளக் சார்ந்த விருப்பங்கள் மாறினால், ஸ்லாட் எண்ணை வைத்து உருவான பெயர் வேறாகிவிடும். உங்கள் நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் பழைய பெயர் எழுதப்பட்டிருந்தால் கார்டு நன்றாக இருந்தும் ஐபி முகவரி வராது. கோப்பில் பெயரை மாற்றினால் போதும்.

வைஃபை இடைமுகம் இருந்தும் எந்த நெட்வொர்க்கும் கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் "ஆர்எஃப்கில் லிஸ்ட்" கொடுங்கள். "சாஃப்ட் பிளாக்டு" என்றால் "ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்" தீர்த்துவிடும். "ஹார்ட் பிளாக்டு" என்றால் மடிக்கணினியின் பக்கவாட்டில் உள்ள ஸ்விட்சைப் பாருங்கள்.

கேபிளில் விளக்கு எரிகிறது, டிஎச்சிபி (ஐபி முகவரியைத் தானாக வாங்கும் முறை) மட்டும் முகவரி வாங்கவில்லை என்றால் "பாக்கெட்" என்ற விருப்பம் கர்னலில் இருக்கிறதா என்று சோதியுங்கள். சிறிய கர்னல் வேண்டுமென்று ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போகிறவர்கள் இதையும் அணைத்துவிடுவது உண்டு. டிஎச்சிபி நிரல்களுக்கும் வைஃபை கடவுச்சொல்லைக் கையாளும் நிரலுக்கும் இது இல்லாமல் நடக்காது.

11. திருத்திக் கட்டுவது

காரணம் தெரிந்துவிட்டதா? சரி, இப்போது மறுபடி கம்பைல் செய்யலாம். "மேக் கிளீன்" கொடுக்காதீர்கள். அதைக் கொடுத்தால் எல்லாம் அழிந்து முதலிலிருந்து தொடங்கும். நான் மூன்று முறையும் முழு நேரம் காத்திருந்தது அதனால்தான். கட்டமைப்பில் வேண்டிய விருப்பத்தை மட்டும் மாற்றிவிட்டு "மேக் -ஜே4" கொடுத்தால் மாறியதை மட்டும் கட்டும். ஒரு டிரைவர் மட்டும் என்றால் சில நிமிடங்கள்தான்.

மாட்யூலை மட்டும் கட்டி நகலெடுத்துப் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். வைஃபை அடுக்கைப் புதிதாகச் சேர்ப்பது போன்ற சில மாற்றங்கள் கர்னலின் உள்ளமைப்பையே மாற்றிவிடும். பழைய இமேஜோடு புதிய மாட்யூல் சேராது. இமேஜ், மாட்யூல்கள் இரண்டையும் ஒன்றாகவே நிறுவுங்கள்.

நெட்வொர்க் வந்ததும் உடனே பழைய கர்னலை நீக்கிவிடாதீர்கள். மடிக்கணினியை மூடித் தூங்கவைத்து, பத்து நிமிடம் கழித்துத் திறந்து வைஃபை தானாக இணைகிறதா என்று பாருங்கள். கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். மொபைல் டெதரிங்கை ஒருமுறை ஆன் செய்யுங்கள். விபிஎன்னை இணைத்துப் பாருங்கள். நான்கும் நடந்தால், அப்போது ஓடும் "எல்எஸ்மாட்" பட்டியலையும் கட்டமைப்புக் கோப்பையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். அடுத்த பதிப்பைக் கட்டும்போது அந்தக் கோப்பை நகலெடுத்து "மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்" கொடுத்துத் தொடங்கலாம்.